தொழில்நுட்ப நிறுவனங்களில் புலனாகாச் செயல்முறைச் சொத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயல்முறைச் சொத்து என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நிறுவனம் தன் வேலையைத் திரும்பத் திரும்ப அதே தரத்தில் செய்ய உதவுகிற, கையால் தொட முடியாத எல்லாமே இதில் வரும். புதிய பதிப்பை சர்வரில் ஏற்றும் முறை, நடுராத்திரியில் கோளாறு வந்தால் யாரை எழுப்புவது என்ற விதி, கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்ப்பது) கவனிக்க வேண்டியவை, வாடிக்கையாளரின் பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வழி, தானியங்கிச் சோதனைத் தொகுப்பு, ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணிக்க உதவும் பழைய திட்டங்களின் எண்கள், நடந்து முடிந்த கோளாறுகளைப் பற்றிய அறிக்கைகள். விற்கிற மென்பொருளை இதில் சேர்க்க வேண்டாம். அதை உருவாக்கவும் ஓடவைக்கவும் உள்ளே இருக்கும் 'எப்படி'தான் இங்கே பேச்சு.

இது புதிய எண்ணமும் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் உருவான, நிறுவனங்களின் செயல்முறைத் தரத்தை மேம்படுத்த உதவும் சிஎம்எம்ஐ மாதிரி, 'நிறுவனச் செயல்முறைச் சொத்துகள்' என்றே இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறது. நிலையான செயல்முறைகள், அவற்றைத் திட்டத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் வழிகாட்டிகள், அளவீட்டுக் களஞ்சியம், இவற்றையெல்லாம் வைத்திருக்கும் நூலகம் என்று அதில் ஒரு பட்டியலும் உண்டு.

இவை இருப்புநிலைக் குறிப்பில் ஏறுமா?

பெரும்பாலும் ஏறாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 38 புலனாகாச் சொத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. ஒன்று, அது அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும்: தனியாகப் பிரித்து விற்கவோ உரிமம் தரவோ முடிய வேண்டும், அல்லது ஒப்பந்தத்திலோ சட்ட உரிமையிலோ இருந்து வந்திருக்க வேண்டும். இரண்டு, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மூன்று, அதனால் எதிர்காலத்தில் பொருளாதாரப் பயன் வர வேண்டும். இந்த மூன்றையும் தாண்டினாலும், அதற்கு ஆன செலவை நம்பகமாக அளக்க முடியாவிட்டால் கணக்கில் ஏற்ற முடியாது.

உள்ளேயே வளர்ந்த செயல்முறைகள் பொதுவாக முதல் நிபந்தனையிலோ செலவு அளவீட்டிலோ தடுக்கி விழும். பயிற்சிக்கு ஆன பணம் செலவாகவே எழுதப்படும் என்று அந்தத் தரநிலை நேரடியாகவே சொல்கிறது. திறமையான ஊழியர்கள் இருப்பதையும் சொத்தாகக் காட்ட முடியாது. அவர்கள் நாளைக்கே ராஜினாமா செய்யலாம், அந்த அளவுக்கு நிறுவனத்துக்கு அவர்கள் மேல் கட்டுப்பாடு கிடையாது. உள்ளேயே உருவான நற்பெயருக்கும் (குட்வில்) இடமில்லை.

கணக்கில் ஏறாது என்றால் பட்டியல் போட்டு என்ன பயன்?

கணக்குப் புத்தகம் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. நிறுவனத்தை விற்கும்போது, முக்கியமான ஒருவர் விலகும்போது, ரகசியம் திருடுபோய் நீதிமன்றம் ஏறும்போது, வேறு நாட்டுக் கிளையோடு வரி விஷயம் பேசும்போது கேட்கப்படும் கேள்விகள் வேறு. அப்போது உட்கார்ந்து பட்டியல் தயாரிக்க நேரமிருக்காது.

இல்லாத செயல்முறைக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கவிருந்த ஒரு திட்டத்துக்காக, ஆர்டர் அனுப்பும் மென்பொருளின் புதிய கோட்-ஐ எட்டு சர்வர்களில் ஏற்றினார்கள். ஒன்றில் மட்டும் விட்டுப்போனது. அந்த சர்வரில் பல ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு பழைய செயல்பாடு கிடந்தது. புதிய கோடுக்காக மறுபடி எடுத்துக்கொண்ட ஒரு குறி, அங்கே அந்தப் பழைய செயல்பாட்டை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2013-ல் வெளியிட்ட உத்தரவில் இரண்டு விவரங்கள் கவனிக்க வேண்டியவை. ஏற்றிய கோட்-ஐ இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை அங்கே இல்லை. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே அந்த அமைப்பு பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைத் தானாக அனுப்பியிருக்கிறது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாததால் யாரும் பார்த்து நடவடிக்கை எடுக்கவில்லை. ஒரு சரிபார்ப்புப் பட்டியல், ஓர் எச்சரிக்கை விதி. இரண்டுக்கும் எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஒரு வரி இடம்கூட ஒதுக்கமாட்டார்கள்.

அடையாளம் காணும் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

ஆவணங்கள் கிடக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே கிடைப்பதில் பாதி, ஏதோ ஒரு தணிக்கைக்காக எழுதிவிட்டு மறந்ததாக இருக்கும். வேலை நடக்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போவதே சரியான வழி.

ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தான நாளிலிருந்து அவர் அமைப்பைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள் வரை யார் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். ஒவ்வொரு படியிலும் "இதை எப்படிச் செய்தீர்கள், எதைப் பார்த்துச் செய்தீர்கள்?" என்று கேட்டால் போதும். "ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது", "போன தடவை செய்ததை காப்பி செய்தேன்", "அவரைக் கேட்டால் சொல்லுவார்" என்று மூன்று வகையில் பதில் வரும். மூன்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது பதில் சொத்தைவிட அதிகமாக ஆபத்தைக் காட்டுகிறது.

அதேபோல, கடைசியாக நடந்த சில பெரிய கோளாறுகளையும் எடுத்துப் பாருங்கள். எது நிலைமையைக் காப்பாற்றியது? நெருக்கடியில் கை தானாக எதைத் தேடிப் போகிறதோ, அதுதான் உண்மையில் பயன்பாட்டில் இருக்கும் சொத்து. புதிதாகச் சேர்ந்தவர்களும் நல்ல தகவல் மூலம். வேலை பழக அவர்களுக்கு எது உதவியது, எது தடுத்தது என்று முதல் சில மாதங்களில் கேட்டால் ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள். பழகிப்போன பிறகு அவர்களுக்கும் அது கண்ணில் படாது.

ஆவணம் இருந்தால் அது சொத்துதானே?

இல்லை. நான் வைக்கும் சோதனை எளிது: இந்த ஆவணத்தை இன்றைக்கே அழித்துவிட்டால் யாராவது ஒரு வாரத்துக்குள் கூச்சல் போடுவார்களா? யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றால், அதன் பெயரில், இந்தச் சொத்துகளைப் பட்டியலிடும் பதிவேட்டில் ஒரு வரி தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் பேரிடர் மீட்புத் திட்டம் போன்றவை விதிவிலக்கு. அவற்றுக்கு ஒத்திகைதான் சோதனை.

ஒத்திகை பார்க்காத மீட்புத் திட்டத்தின் நிலைமை என்னவென்று, கோட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று தெரிந்துகொண்டது. தரவுத்தளத்தில் ஒரு கோப்பகம் தவறுதலாக அழிக்கப்பட்டது. காப்புநகலுக்கென்று வைத்திருந்த ஐந்து வழிகளில் எதுவுமே நம்பகமாக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. காகிதத்தில் பார்த்தால் ஐந்து சொத்துகள்.

சரி, எந்த அடிப்படையில் வகைப்படுத்துவது?

ஒரே அச்சில் எல்லாவற்றையும் அடுக்கப் பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒரே பொருளுக்கு மூன்று முகவரி உண்டு. மூன்றையும் பதிவேட்டில் தனித்தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) எழுதிவிட்டால் சண்டை தீர்ந்தது.

முதலாவது, அது எங்கே உறைந்திருக்கிறது என்பது. கோடாக எழுதப்பட்டது, ஆவணமாக எழுதப்பட்டது, ஏதோ ஒரு கருவியின் அமைப்புகளில் புதைந்தது, தரவாகச் சேர்ந்தது, மனிதர்களின் பழக்கத்தில் மட்டும் இருப்பது. கடைசி வகையை நிறுவனத்தின் சொத்து என்று சொல்வதற்குத் தயங்க வேண்டும்.

இரண்டாவது, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது: பதிப்புரிமை, காப்புரிமை, வணிக ரகசியம், ஒப்பந்த உரிமை, அல்லது எந்தப் பாதுகாப்பும் இல்லாதது. மூன்றாவது, கணக்கியல் அதை எப்படிப் பார்க்கிறது: ஏற்றலாம், செலவாக எழுத வேண்டும், வேறு நிறுவனத்தை வாங்கினால் மட்டும் தெரியவரும்.

நான்காவதாக 'முக்கியத்துவம்' என்று உயர்வு, நடுத்தரம், தாழ்வு போடுபவர்கள் உண்டு. போடுங்கள், தவறில்லை, ஆனால் எல்லாரும் தங்கள் வேலைக்கு உயர்வு என்றே எழுதுவார்கள்.

ஒரு சொத்தை எடுத்துப் பிரித்துக் காட்ட முடியுமா?

வாடிக்கையாளரின் பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றும் முறையையே எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தில் எல்லாரும் அதை 'மைக்ரேஷன் முறை' என்று ஒரே பெயரில் சொல்வார்கள். திறந்து பார்த்தால் உள்ளே குறைந்தது ஐந்து பொருள்கள் இருக்கும்.

தரவை எடுத்து, மாற்றி, ஏற்றும் ஸ்கிரிப்டுகள். இவை கோட், எனவே பதிப்புரிமை உண்டு; களஞ்சியத்தில் இருக்கின்றன, உரிமையாளர் யார் என்று சொல்லிவிடலாம். இவற்றை உருவாக்கிய செலவை, நிபந்தனைகள் பொருந்தினால், கணக்கில் ஏற்றவும் வாய்ப்பு உண்டு.

எந்தப் பழைய மென்பொருளின் எந்தப் புலம் நம்முடைய எந்தப் புலத்துக்குப் பொருந்தும் என்ற அட்டவணைகள். என் கருத்தில் இதுதான் மொத்தத்தில் அதிக மதிப்புள்ள பகுதி. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அடிபட்டுச் சேர்த்தது. வெளியே கிடைக்காது, போட்டியாளருக்குக் கிடைத்தால் மாதக்கணக்கில் மிச்சம். வணிக ரகசியம் என்று வகைப்படுத்தி, அணுகலைக் கட்டுப்படுத்த வேண்டியது இதைத்தான். ஆனால் பல இடங்களில் இது யாரோ ஒருவரின் ஸ்ப்ரெட்ஷீட்டாக, இணைப்பு கிடைத்த எவரும் திறக்கும்படி கிடக்கும்.

மூன்றாவது சரிபார்ப்புப் பட்டியல். ஆவணமாகப் பதிப்புரிமை உண்டு, ரகசியம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நான்காவது, முந்தைய மாற்றங்களில் எத்தனை நாள் ஆனது, எங்கே பிழை வந்தது என்ற பதிவுகள்; இது தரவு, அடுத்த ஒப்பந்தத்துக்கு விலை சொல்ல இதுதான் ஆதாரம்.

ஐந்தாவது, ஒரு தேதிப் புலத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இதில் நேர மண்டலம் தப்பு" என்று சொல்லிவிடும் இரண்டு பொறியாளர்கள். பதிவேட்டில் இவர்களைச் சொத்தாக எழுத வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்ததில் எவ்வளவை முதல் நான்குக்குள் கொண்டுவர முடியும் என்பதை ஒரு வேலையாக எழுதுங்கள்.

வேறு நிறுவனத்தை வாங்கும்போது என்ன மாறும்?

நிறையவே மாறும். உள்ளே வளர்ந்தபோது கணக்கில் இடம் கிடைக்காதது, கைமாறும்போது தனி வரியாக ஏறலாம். நிறுவன இணைப்புகளுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 3 தரநிலையில், வாங்கியவர் அடையாளம் காணக்கூடிய புலனாகாச் சொத்துகளை நற்பெயரிலிருந்து பிரித்து, நியாய மதிப்பில் காட்ட வேண்டும். அதன் விளக்கக் குறிப்புகளில் சந்தைப்படுத்தல், வாடிக்கையாளர், கலை, ஒப்பந்தம், தொழில்நுட்பம் என்று ஐந்து குழுக்கள் வருகின்றன. காப்புரிமை பெறாத தொழில்நுட்பம், தரவுத்தளங்கள், ரகசியச் சூத்திரங்களும் செயல்முறைகளும் அடங்கிய வணிக ரகசியங்கள் எல்லாம் தொழில்நுட்பக் குழுவில் இருக்கின்றன.

வேலைக்குத் தயாராக இருக்கும் ஊழியர் அணி மட்டும் அங்கேயும் தனிச் சொத்து ஆகாது; நற்பெயருக்குள் கரைந்துவிடும். ஆகவே விற்க நினைக்கும் நிறுவனத்துக்கு 'அணியின் திறமை' என்று சொல்வதற்கும் 'எழுதப்பட்ட, ரகசியமாகக் காக்கப்படும் முறை' என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

உள்ளே கட்டும் கருவிகளுக்கான செலவை எப்போது சொத்தாக ஏற்றலாம்?

ஐஏஎஸ் 38 ஆராய்ச்சிக் கட்டத்தையும் உருவாக்கக் கட்டத்தையும் பிரிக்கிறது. ஆராய்ச்சிச் செலவு முழுவதும் அந்தந்தக் காலத்திலேயே செலவு. உருவாக்கச் செலவை ஏற்ற வேண்டுமானால் ஆறு விஷயங்களைக் காட்ட வேண்டும்: தொழில்நுட்ப ரீதியில் முடிக்க முடியும், முடிக்கும் எண்ணம் இருக்கிறது, பயன்படுத்தவோ விற்கவோ முடியும், எப்படிப் பயன் தரும் என்று தெரியும், முடிக்கப் பணமும் ஆளும் இருக்கிறது, செலவைப் பிரித்து அளக்க முடியும்.

அஜைல் முறையில், அதாவது வேலையைச் சிறு சிறு காலச் சுற்றுகளாக (ஸ்பிரின்ட்) பிரித்துச் செய்யும் அணிகள் தடுமாறும் இடம் ஆறாவது. இரண்டு வார ஸ்பிரின்டில் ஆராய்ச்சி, உருவாக்கம், பராமரிப்பு மூன்றும் கலந்து ஓடும். டிக்கெட்டில் (ஒவ்வொரு வேலைக்கும் போடும் பதிவு) வேலை வகையைக் குறிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்து இல்லையென்றால், ஆண்டு முடிவில் நினைவிலிருந்து பிரிப்பது தணிக்கையில் நிற்காது. ஒருமுறை செலவாக எழுதியதைப் பிறகு சொத்தாக மாற்றவும் வழியில்லை.

வாடகைக்கு எடுத்த கிளவுட் மென்பொருளில் நாம் செய்த அமைப்புகள் நம் சொத்தா?

உழைப்பு நம்முடையதுதான், கட்டுப்பாடு பெரும்பாலும் நம்மிடம் இல்லை. மென்பொருள் வழங்குநரின் சர்வரில் ஓடும்போது அதை அமைக்கவும் மாற்றவும் ஆன செலவு பொதுவாகப் புலனாகாச் சொத்தாகாது என்று 2021-ல் சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளுக்கான விளக்கக் குழு முடிவு சொன்னது. நமக்குச் சொந்தமாகத் தனியே இயங்கும் கூடுதல் கோட் எழுதியிருந்தால் அதை வேறாகப் பார்க்கலாம்.

கணக்கை விடுங்கள். நடைமுறையில் கேட்க வேண்டியது: நாளைக்கு அந்த வழங்குநரை விட்டு வெளியேறினால் இந்தப் பணியோட்டங்களையும் விதிகளையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? வேலைகளைப் பின்தொடரும் மென்பொருளான ஜிராவில் ஆண்டுக்கணக்கில் கட்டிய பணியோட்டம் அந்தத் திரைக்குள் மட்டும் இருந்தால், அதன் தருக்கத்தை வெளியே ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள்.

சட்டப் பாதுகாப்புக்கு எதை நம்புவது?

பதிப்புரிமை செயல்முறையைக் காக்காது. அறிவுசார் சொத்துரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான ட்ரிப்ஸின் 9(2) பிரிவின்படி அது வெளிப்பாட்டுக்குத்தான்; கருத்துகள், நடைமுறைகள், இயக்கும் முறைகள், கணிதக் கருத்துகள் அதில் வராது. உங்கள் கையேட்டை வரிக்கு வரி காப்பி அடித்தால் பிடிக்கலாம். படித்துப் புரிந்துகொண்டு அதே முறையில் வேலை செய்தால் பிடிக்க முடியாது.

காப்புரிமை கிடைத்தால் வலுவானது, ஆனால் முறையை ஊருக்கே வெளியிட வேண்டும். தவிர, வணிக முறைகளுக்கும் வெறும் மென்பொருளுக்கும் காப்புரிமை பெறுவது பல நாடுகளில் கடினம். எனவே உள் செயல்முறைகளுக்கு வணிக ரகசியம்தான் பெரும்பாலும் பொருந்தும். ட்ரிப்ஸ் 39-வது பிரிவு அதற்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறது: தகவல் பரவலாகத் தெரியாததாக இருக்க வேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதைக் காக்க நியாயமான நடவடிக்கைகள் எடுத்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்வார்கள். யார் யாருக்கு அணுகல், எப்போது நீக்கினோம், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினோமா என்ற சலிப்பூட்டும் பதிவுகள் அங்கே பேசும்.

செயல்முறையை வெளியே போட்டுவிட்டால் அது சொத்தாக இருக்காதா?

ரகசியம் என்ற வகை போய்விடும், அவ்வளவுதான். கிட்லாப் தன் வேலை முறைக் கையேட்டை இணையத்தில் எல்லாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதன் பயன் வேறு வழியில் வருகிறது. பதிவேட்டில் அத்தகையவற்றை 'வெளியிடப்பட்டது' என்று குறியுங்கள். எது வெளியே போகலாம் என்று முடிவெடுத்தவர் யார் என்பதும் அதோடு இருக்கட்டும். தற்செயலாக வெளியானதையும் யோசித்து வெளியிட்டதையும் பின்னால் பிரித்துப் பார்க்க அது உதவும்.

செயற்கை நுண்ணறிவு அணிகளில் எவற்றைச் சேர்ப்பது?

தரவுக்குக் குறியிடும் விதிகள், மாடலைச் சோதிக்கும் கேள்வித் தொகுப்புகள், தோல்வியடைந்த பரிசோதனைகளின் பதிவுகள். பிராம்ப்ட்களை (மாடலுக்குத் தரும் எழுத்துக் கட்டளைகள்) சொத்து என்று பெரிதாகப் பேசுகிறார்கள். மாடல் மாறினால் பல பிராம்ப்ட்கள் காலாவதி. சோதனைத் தொகுப்பு மாடல் மாறினாலும் நிற்கும், அதற்குத்தான் முதல் இடம் தருவேன்.

மதிப்பு எப்படிப் போடுவது?

செலவு, சந்தை, வருமானம் என்று மூன்று அணுகுமுறைகள் உண்டு. செயல்முறைகளை யாரும் தனியாக வாங்கி விற்பதில்லை என்பதால் சந்தை விலை கிடைப்பது அரிது. மீண்டும் உருவாக்க எவ்வளவு ஆகும் என்ற செலவு அணுகுமுறை எளிது, ஆனால் குறைவாகவே காட்டும்.

எனக்குப் பிடித்தது 'இருந்தால், இல்லாவிட்டால்' ஒப்பீடு. உதாரணத்துக்கு, மேலே சொன்ன மைக்ரேஷன் முறை இருந்தால் ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க 3 வாரம், இல்லாவிட்டால் 8 வாரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 வாரத்துக்கான சம்பளமும், தள்ளிப்போகும் வருமானமும், மறுபடி அந்த முறையைக் கட்டி முடிக்கும் வரை எத்தனை வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்பதும் சேர்ந்து ஓர் எண் கிடைக்கும். விவாதிக்கக்கூடிய எண்தான். எதன் மேல் விவாதிக்கிறோம் என்றாவது தெரியும்.

வெவ்வேறு நாடுகளில் கிளைகள் இருந்தால்?

வரிக்காக, சொத்தின் சட்ட உரிமை எந்த நிறுவனத்தின் பெயரில் என்பது மட்டும் போதாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் வழிகாட்டுதல்கள் அதை உருவாக்கியது, மேம்படுத்தியது, பராமரித்தது, பாதுகாத்தது, பயன்படுத்திச் சம்பாதித்தது யார் என்று ஐந்தையும் பார்க்கச் சொல்கின்றன. பதிவேட்டில் 'எந்தக் கிளையின் அணி பராமரிக்கிறது' என்ற ஒரு பத்தி இருந்தால், பின்னால் வரி ஆலோசகருக்குப் பாதி வேலை மிச்சம்.

பதிவேட்டை யார் வைத்திருப்பது, எவ்வளவு நுணுக்கமாக?

நிதித்துறையிடம் மட்டும் கொடுத்தால் ஏற்றக்கூடியவை மட்டும் தங்கும். பொறியாளர்களிடம் மட்டும் கொடுத்தால் கருவிகளின் பட்டியலாக மாறிவிடும். பொறியியல் பக்கத்தில் ஒருவர் பொறுப்பேற்று, சட்டப் பத்தியையும் கணக்கியல் பத்தியையும் அந்தந்தத் துறையே நிரப்புவது நல்லது.

நுணுக்கத்துக்கு ஒரு வரம்பு: தனி உரிமையாளரோ, தனிச் சட்டப் பாதுகாப்போ, தனி ஆயுளோ இருந்தால் தனி வரி. இல்லாவிட்டால் பெரிய ஒன்றுக்குள் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசியாக உண்மையில் பயன்படுத்திய தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதியை யாரையும் எழுதச் சொல்லாதீர்கள். கோட் களஞ்சியத்திலிருந்தோ டிக்கெட் அமைப்பிலிருந்தோ தானாக வரட்டும். கையால் எழுதச் சொன்னால் எல்லாத் தேதியும் தணிக்கைக்கு முந்தைய நாளாகத்தான் இருக்கும்.